பழைய கணினியை விட்டுப் புறப்படுமுன்

வீட்டுக் கணினியை மாற்றவேண்டிய காலம் பல குடும்பங்களுக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து வாய்த்திருக்கின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் விண்டோஸ் 10 என்னும் தமது பணிசெயல் முறைமைக்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் நிறுத்திக்கொண்டனர். விரும்பியோருக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்க வழிசெய்யப்பட்டதாயினும், அது தவணையைச் சற்றே நீட்டியதன்றி வேறன்று. விண்டோஸ் 11 ஐ ஏற்றிக்கொள்ளலாமே என்றாலோ, அதற்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லும் புதிய வகைச் செயலியும் இல்லாத கணினிகள் பல அதனை ஏற்க மறுக்கின்றன. ஆகவே, பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும் கணினியையும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்கும் நிலை ஏற்பட்டுள்ளது. இதனால் யாருக்கு இலாபம் என்ற ஆராய்ச்சியை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

வாசகர் சிலர் எமக்கு எழுதியுள்ள கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகின்றது. “பழைய கணினியில் உள்ளவற்றையெல்லாம் அப்படியே புதியதிற் போட்டுக்கொள்வது எங்ஙனம்?” என்பதே அதன் சாரம். நியாயமான கேள்விதான். ஆயினும் அதிலுள்ள இரண்டு சொற்கள் எமக்கு இடறுகின்றன. ஒன்று ‘எல்லாம்’, மற்றது ‘அப்படியே’. எல்லாவற்றையும் கொண்டுசெல்ல இயலாது. அப்படியே கொண்டுசென்றவற்றிலும் சில, போய்ச் சேர்ந்த பின் வாசிக்க முடியாதனவாய் நிற்கும். பின்னதுதான் தமிழ்க் குடும்பங்களுக்கு விசேடமாக வருகின்ற தொல்லை. அதனை எவரும் முன்கூட்டிச் சொல்வதுமில்லை. அதைப்பற்றியே இன்று விரிவாக எழுத எண்ணியுள்ளோம். அதற்கு முன் பொதுவான சில விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

கணினியில் உள்ளவை மென்பொருள் என்றும் கோப்பு என்றும் இரு திறப்படும். கோப்பு என்பது அலுமாரியிலுள்ள பெட்டி போன்றது, தூக்கிக்கொண்டு போகலாம். மென்பொருளோ வளவிலுள்ள கிணறு போன்றது. வீடு மாறுகிறவர் கிணற்றைத் தூக்கிச் செல்வாரா? போகுமிடத்திற் புதிதாகவே வெட்டவேண்டும். ஒரு மென்பொருளை நிறுவும்போது அது தன் கோப்புறையில் மட்டும் குடியிருப்பதில்லை. விண்டோசின் உட்புறத்திலுள்ள பதிவேட்டிலே நூற்றுக்கணக்கான குறிப்புக்களை எழுதிவைக்கின்றது. வேறு கோப்புறைகளிலும் தன் உறுப்புக்களை வைத்துவிடுகின்றது. ஆதலின் அதன் கோப்புறையை மாத்திரம் பிரதிசெய்து புதிய கணினியில் வைத்தால், பெரும்பாலும் அது எழுந்து நடமாடாது. திரைமுகப்பிலுள்ள சின்னங்களைப் பிரதிசெய்துவிட்டு மென்பொருள் வந்துவிட்டதென்று மகிழ்கின்ற பிள்ளைகளும் உளர். அச்சின்னம் வாயிற் கதவிலுள்ள பெயர்ப்பலகை, வீடு அன்று.

எனவே பழைய கணினியிலுள்ள மென்பொருள்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்க. விலை கொடுத்து வாங்கியவற்றுக்கு உரிமத் திறவெண் எங்கே இருக்கிறதென்று தேடி எடுத்துக்கொள்க. பழைய கணினியோடு கூடவே வந்த மென்பொருளின் உரிமம் பெரும்பாலும் அக்கணினிக்கே உரியது, புதியதற்குச் செல்லாது. இறுவட்டில் வாங்கியவை லாச்சிக்குள் இருக்கலாம். ஆனால் புதிய மடிக்கணினிகளில் இறுவட்டு இடுவதற்கு இடமே இல்லை. விண்டோஸ் 95 காலத்துக்கும் முற்பட்ட 16 பிற் மென்பொருள்கள் விண்டோஸ் 11 இல் ஓடவே மாட்டா. இவற்றையெல்லாம் எண்ணிக் கவலைப்படுவதிற் பயனில்லை. மென்பொருள் என்பது மீண்டும் வாங்கத்தக்கது. அல்லது அதன் வேலையைச் செய்யும் இலவச மென்பொருளொன்று கிடைக்கும். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் லிப்ரே ஒபிஸ் என்ற இலவசத் தொகுதி பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளமாகப் போதும்.

மீண்டும் வாங்க முடியாதன எவை? அவைதாம் இங்கு பேசவேண்டிய பொருள்.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டவர்களிடம் ‘என்ன எடுத்துச் சென்றீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, கையிலகப்பட்ட நகை என்று சொல்வர். ‘எதை விட்டுவிட்டு வந்ததற்காக இன்றும் வருந்துகிறீர்கள்?’ என்று கேட்டால், படத் தொகுப்பு என்பார் ஒருவர். தந்தையார் கைப்பட எழுதிய கடிதம் என்பார் மற்றொருவர். உறுதிக்குக் காணிக் கந்தோரிற் பிரதி கிடைக்கக்கூடும். தந்தையாரின் கையெழுத்துக்கு எந்தக் கந்தோரிற் பிரதி கிடைக்கும்? ஒரு மணி நேர அவகாசத்திற் செய்யப்பட்ட அத்தெரிவை நாம் குறைகூற முடியாது. கணினி மாற்றுகிறவர்களுக்கோ அந்த நெருக்கடி இல்லை. ஒரு மாத அவகாசம் எடுத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. இருந்தும், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்றில் அவசரம் அவசரமாகப் பிரதிசெய்துவிட்டு, பழையதைக் கடைக்காரரிடம் அரைவிலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

கோப்புக்கள் ஒளிந்திருக்கும் இடங்களைச் சொல்லவேண்டும். ‘டொக்கியுமன்ஸ்’ என்ற கோப்புறையைப் பிரதிசெய்தால் எல்லாம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. எம்மவரிற் பலர் திரைமுகப்பிலேயே எல்லாவற்றையும் பரப்பிவைப்பவர்கள். சிலர் ‘டி’ என்ற பிரிவில் வைத்துவிட்டு மறந்துபோவர். இணையத்திலிருந்து இறக்கியவை தனியொரு கோப்புறையிற் கிடக்கும்; மகன் கனடாவிலிருந்து அனுப்பிய படங்கள் அங்கேதான் இருக்கும், ஏனெனில் ஒருவரும் அவற்றை எடுத்து ஒழுங்காக வைக்கவில்லை. அவுட்லுக் போன்ற மென்பொருள்மூலம் மின்னஞ்சல் பார்த்தவர்களுடைய பழைய கடிதங்கள், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத மறைகோப்புறை ஒன்றினுள் இருக்கக்கூடும். இன்னொரு பொறியும் உண்டு. சில கணினிகளில் திரைமுகப்பிலுள்ள கோப்புக்கள் வன்தட்டில் இருப்பதேயில்லை. ‘வன் டிரைவ்’ என்னும் இணையக் களஞ்சியத்தில் இருந்துகொண்டு, இங்கே பெயரை மாத்திரம் காட்டும். பக்கத்தில் ஒரு சிறு முகிற் சின்னம் காணப்படின் அது அத்தகையது. அவற்றைத் திறந்து இறக்கிக்கொண்ட பின்னரே பிரதிசெய்க. அல்லது புதிய கணினியில் அதே கணக்கினுள் நுழைந்து எல்லாம் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்க.

இனி, முன்னர் சொன்ன தமிழ்த் தொல்லைக்கு வருவோம்.

எமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமது ஊரின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கணினியில் எழுதிவந்தார். கோயிற் கேணியை வெட்டியவர் யார், எந்தப் பாடசாலை எந்தத் திண்ணையில் தொடங்கிற்று, யார் யாருக்கு எவ்வகையில் உறவு என்பனவெல்லாம் முதியவர்களிடம் கேட்டெழுதியவை. அம்முதியவர்களில் இன்று உயிரோடிருப்பவர் ஒருவருமிலர். மகன் புதிய கணினி வாங்கிக் கொடுத்துக் கோப்புக்களையும் ஒழுங்காகப் பிரதிசெய்து கொடுத்தான். ஆசிரியர் திறந்து பார்த்தார். ஒரு தமிழெழுத்தைக்கூடக் காணோம். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சாய்கோடும் விரவிய பொருளற்ற குவியல். பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த இளைஞர் பார்த்துவிட்டு, “ஐயா, வைரஸ் பட்டிருக்குது. இதுகளை அழிச்சுவிட்டால்தான் நல்லது” என்றாராம். ஆசிரியரும் கடைக்காரத் தம்பி சொல்வது சரியாயிருக்கும் என்றெண்ணித் தலையசைத்தார். ஏழு அத்தியாயங்கள் அழிந்தன. எட்டாவதை அழிக்கும் வேளையில், தற்செயலாக அங்கு வந்த அச்சக ஊழியர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்து, “இது வைரஸ் இல்லை, பாமினி!” என்று கூவினாராம். பழைய கணினியோ அதற்கு முன்பே கைமாறிவிட்டது.

பாமினி என்றால் என்ன என்று இக்கால மாணவர் கேட்கலாம். அஃது ஓர் எழுத்துருவின் பெயர். யுனிகோட் முறை எங்கும் பரவுமுன் இலங்கையிலே தமிழிற் கணினியைக் கையாண்டவர்களிற் பெரும்பாலானோர் அதனையே உபயோகித்தனர். அச்சகங்கள், பாடசாலைகள், கந்தோர்கள், கோயில் மலர்கள், திருமண அழைப்பிதழ்கள் எல்லாம் பாமினி மயம். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை வரிசையைத் தழுவி அமைந்திருந்தமையால், தட்டச்சுப் பழகியவர்கள் விரலை மாற்றாமலே அதில் எழுத முடிந்தது. (தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா அவர்கள் யாழ்ப்பாணத்தவர் என்பதை மாணவர்கள் அறிந்துவைத்திருத்தல் நன்று.)

அதன் உட்கிடை இதுதான். கணினி எழுத்துக்களை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். ஆங்கிலச் சிறிய ‘எம்’ என்பதற்கு உரிய எண் 109. பாமினி எழுத்துருவைச் செய்தவர்கள் அந்த 109 ஆம் இடத்தில் ‘எம்’மின் வடிவத்தை எடுத்துவிட்டு ‘அ’வின் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். ‘கே’ இருந்த இடத்தில் ‘ம’ வந்து அமர்ந்தது. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் குற்று. ‘எச்’ இருந்த இடத்தில் ‘ஆ’காரத்துக்குரிய கால். ஆகவே நீங்கள் ‘அம்மா’ என்று எழுதியபோது கணினி தன் ஏட்டிற் குறித்துக்கொண்டது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை மாத்திரமே. அவற்றின்மேல் பாமினி என்னும் போர்வை கிடந்தவரைக்கும் அம்மா தெரிந்தார். போர்வை நீங்கியதும் கீழே கிடந்த குறிகள் தெரிகின்றன. கோப்பு கெட்டுப்போகவில்லை, ஓரெழுத்தும் குறையவில்லை. எழுத்துரு என்பது கோப்பினுள் இருப்பதன்று, கணினியில் வேறோரிடத்தில் இருப்பது. கோப்பை எடுத்துவந்தவர் எழுத்துருவை எடுத்துவரவில்லை, அவ்வளவே.

யுனிகோட் முறையில் இந்த வேடம் இல்லை. தமிழுக்கென்றே தனி எண்கள் அங்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ‘அ’வின் எண் 2949, ‘ம’வின் எண் 2990. அவ்வெண்கள் வேறெந்த மொழியின் எழுத்துக்கும் உரியன அல்ல. ஆதலால் எந்நாட்டுக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் அவை தமிழாகவே தோன்றும். 1991 இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுக்கப்பட்டிருந்தது. எனினும் அது வீட்டுக் கணினிகளில் வந்து நிலைபெறப் பல ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில் எழுதப்பட்டவையே இன்று ஆபத்தில் உள்ளன. எத்தனை வீடுகளில் எத்தனை கோப்புக்கள்! அந்தியேட்டியன்று வெளியிட்ட நினைவு மலர், அதில் யாரோ பெரியப்பா ஒருவர் முயன்று திரட்டிய வம்சாவளி, சங்கக் கூட்டக் குறிப்பு, அம்மம்மா சொல்லப் பேத்தி எழுதிய சமையற் குறிப்பு, நாடகப் பிரதி. அச்சிட்ட மலரில் ஐம்பது பிரதி எடுத்தார்கள். அவற்றில் நாற்பது கறையான் தின்றிருக்கும். கணினியிலுள்ள மூலம் எஞ்சியிருப்பின் அது பெரும் பேறு.

ஏட்டுச் சுவடிகளின் கதையும் இதுவேயன்றோ? பனையோலை சில தலைமுறைக்கு மேல் நில்லாது. இற்றுப்போகுமுன் யாராவது புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினால் நூல் வாழும்; இல்லையேல் மாளும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஓலையிலிருந்து அச்சுக்கு மாற்றும் வேலை பார்த்தவராகவே அவரை நாம் கருதுகிறோம். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எது எழுத்து எது குறி என்று பொருள் அறிந்து துணியவேண்டியிருந்தது. பாமினிக் கோப்பை வைத்துக்கொண்டு திகைப்பவருடைய சங்கடம் அத்துணைப் பெரிதன்று. பொறியே பெரும்பகுதியை மாற்றித் தரும்.

செய்யவேண்டியதைச் சொல்கிறோம். பழைய கணினி உயிரோடிருக்கும்போதே விண்டோஸ் கோப்புறையினுள் ‘பொன்ட்ஸ்’ என்ற கோப்புறையைத் திறந்து, அங்குள்ள தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் பிரதிசெய்துகொள்க. பாமினி மாத்திரமன்று, அதே வரிசையைப் பின்பற்றிய வேறு பெயருடையவையும், முற்றிலும் வேறான வரிசையுடையவையும் இருக்கும். எது எதற்கென்று இப்போது ஆராயவேண்டாம், யாவற்றையும் எடுத்துக்கொள்க. புதிய கணினியில் அவற்றை நிறுவியவுடன் பழைய கோப்புக்கள் மீண்டும் தமிழ் பேசும். வேர்ட் கோப்பொன்று குழம்பிக் காணப்பட்டால், மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் சிறு பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு இல்லாத கணினியிலும் அதன் பெயர் மட்டும் அங்கே நிற்கும். எதைத் தேடவேண்டும் என்பதை அப்பெயரே உரைத்துவிடும்.

அத்துடன் நில்லாது, முக்கியமான கோப்புக்களைப் பழைய கணினியிலேயே திறந்து பீ.டி.எப். வடிவிற் சேமித்துக்கொள்ளல் வேண்டும். வேர்ட்டின் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அவ்வசதி உள்ளடங்கியிருக்கின்றது. லிப்ரே ஒபிசிலும் உண்டு. பீ.டி.எப். கோப்பு பெரும்பாலும் எழுத்தின் வடிவத்தையும் தன்னுள் வைத்துக்கொண்டே செல்லும். சரியாக அமைந்ததா என்பதை அறிய ஒரு சுலபமான சோதனை: அதனை உங்கள் கைத்தொலைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். தொலைபேசியிற் பாமினி இராது. அங்கேயும் தமிழாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளிற் செய்த மலர்களுக்கு இஃது இன்னும் அவசியம். அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்த 7 ஆவது பதிப்பு. அதன் பின்னர் நிறுவனத்தார் அதனை வளர்க்கவில்லை. பழைய கணினி போனால் அக்கோப்புக்களைத் திறக்கும் பொறியைத் தேடி அலையவேண்டிவரும்.

பீ.டி.எப். பார்ப்பதற்கு உதவும், தேடுவதற்கு உதவாது. எழுத்துருவை நிறுவிக்கொண்டாலும் அதே குறைதான். கணினியிடம் ‘கேணி’ என்ற சொல்லைத் தேடச் சொன்னால், பாமினியில் எழுதிய நூறு கேணிகளில் ஒன்றைக்கூட அது காணாது. அதன் கணக்கில் அவை ஆங்கிலக் குறிகளே. ஆகையினால், பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் வேண்டியவை என்று நீங்கள் கருதுபவற்றை யுனிகோட்டுக்கு மாற்றிவிடுவதே முறை. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு புறம் பழையதை ஒட்டினால் மறுபுறம் புதியது வந்து விழும். ஆனாற் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாகாது. கட்டுரையின் நடுவே ஆங்கிலச் சொல் ஏதாவது இருந்தால், கருவி அதையும் பாமினியென்று எண்ணி விளங்காத தமிழாக்கிவிடும். நிறுத்தக் குறிகளும் மேற்கோட் குறிகளும் சில வேளைகளில் எழுத்தாக மாறிவிடும். அட்டவணைகள் குலையும். ஆதலின் ஒருவர் பழையதைப் பார்த்து உரக்க வாசிக்க, மற்றவர் புதியதைப் பார்த்துத் திருத்தவேண்டும். விடுமுறை நாளிற் பாட்டனார் வாசிக்கப் பேரன் திருத்துவானாயின், இரண்டு மூன்று நாளில் ஒரு மலர் முடிந்துவிடும். பேரனுக்குத் தமிழ்ப் பிழை திருத்தமும் பழகும். தன் பூட்டன் யாரென்றும் தெரியவரும். மேலே சொன்ன ஆசிரியரின் எஞ்சிய அத்தியாயங்கள் இவ்வகையிலேதான் மாற்றப்பட்டன. முதல் ஏழும் திரும்பக் கிடைக்கவில்லை.

பிரதிசெய்யும் முறைபற்றியும் சில வார்த்தைகள். ‘வெட்டி ஒட்டுதல்’ வேண்டவே வேண்டாம். ‘பிரதிசெய்து ஒட்டுதல்’ செய்க. நடுவழியில் மின்சாரம் நின்றாலும் மூலம் பழைய இடத்தில் இருக்கும். 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுக்களை அனுபவித்த எமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. முடிந்தபின் இரு பக்கத்துக் கோப்புறைகளின் மீதும் வலச் சொடுக்கி, கோப்புக்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்க. எண்ணிக்கை ஒத்தால் மட்டும் போதாது. அங்கொன்று இங்கொன்றாகச் சிலவற்றைத் திறந்தும் பார்க்கவேண்டும். பென் டிரைவிற் கொண்டுசெல்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று: பழைய முறையில் ஒழுங்குசெய்யப்பட்ட பென் டிரைவ் 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட ஒரு தனிக்கோப்பை ஏற்காது. கலியாண வீட்டு வீடியோ மட்டும் ஏறவில்லை, இடம் ஏராளமாக இருக்கிறதே என்று தலையைச் சொறிபவர்களுக்கு விடை இதுதான். எக்ஸ்பட் என்ற முறையில் அதனை மறுபடி ஒழுங்குசெய்தால் ஏற்றுக்கொள்ளும். அவ்வாறு செய்கையில் அதிலுள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் வெறுமையாக்கிக்கொள்க.

பழைய கணினி எழும்பவே மறுக்கிறது என்று எழுதியிருக்கும் வாசகர்கள் மனந்தளர வேண்டாம். கணினி செத்தாலும் வன்தட்டு சாகாதிருக்கலாம், பெரும்பாலும் அப்படியே. அதனைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பி ஒன்றின் மூலம் புதிய கணினியிற் பொருத்தினால் ஒரு பென் டிரைவ் போலவே திறந்துகொள்ளும். மேசைக்கணினியின் பெரிய தட்டாயின் இணைப்பிக்குத் தனி மின்வழங்கி வேண்டும். தட்டு முழுவதும் மறைகுறியிடப்பட்டிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவெண்ணைக் கேட்கும்; அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கிற் பதிவாகியிருக்கும். ஆனால், தட்டினுள்ளே ‘டிக், டிக்’ என்ற ஓசை கேட்குமாயின், மேலும் மேலும் முயன்று பார்க்காமல் நிறுத்திவிடுக. ஒவ்வொரு முயற்சியும் எஞ்சியதையும் சுரண்டிவிடக்கூடும். தரவு மீட்கும் தொழில் தெரிந்தவரிடம் அதனைக் கொடுக்கவேண்டும். செலவு அதிகம் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இவ்வளவும் ஆனபின்பும் பழைய கணினியை உடனே கைமாற்றாதீர்கள். இரண்டு மாதமாவது மூலையில் இருக்கட்டும். வங்கிக் கணக்குக்குரிய கடவுச்சொல் எந்தக் கோப்பில் இருந்தது, பிள்ளையின் க.பொ.த. விண்ணப்பத்தின் பிரதி எங்கே என்பன அப்போதுதான் நினைவுக்கு வரும். பின்னர், அயலிலுள்ள மாணவர் எவருக்காவது கொடுக்க எண்ணினால், கோப்புக்களை அழித்துக் குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கியது போதுமென்று நினைக்கவேண்டாம். அழித்தல் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது, பக்கங்கள் அப்படியே இருக்கும், தெரிந்தவர் வாசித்துவிடுவர். விண்டோசை மீளமைக்கும்போது தட்டு முழுவதையும் துடைக்கும் தெரிவு ஒன்று காட்டப்படும். நேரம் அதிகம் பிடிக்கும், இரவில் விட்டுவிட்டு உறங்கலாம். அதுவும் மனத்துக்கு ஒவ்வாவிட்டால் வன்தட்டைக் கழற்றி, மேலே திகதியும் உரியவர் பெயரும் எழுதி, உறுதிகள் வைக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். கணினியைப் பெறும் மாணவருக்குப் புதிய தட்டொன்றை வாங்கிப் பொருத்திக் கொடுத்தால் அவருக்கு அது முன்னிலும் விரைவாக ஓடும்.